கோடு வரைக்கும் தண்ணீர்

சர்ர். ஒரு மூச்சு இடைவெளி. மறுபடியும் சர்ர். நீளக் கழி பூட்டிய பலகையால் பாத்தியிலிருந்து உப்பை வாரி வரப்புக்கு இழுக்கும் சத்தம். அறுபத்தைந்து வருடத்துக்கு முன்னால் வேதாரண்யத்து உப்பளத்தில் கேட்டது. ஏழு வயதில் அந்தச் சத்தத்துக்கு எனக்குப் பல் கூசும், இரண்டு காதையும் பொத்திக்கொள்வேன், பொத்தினால் கண்ணை மறைக்கக் கை மிஞ்சாது, வெள்ளை வெளேரென்று வெயில் கண்ணுக்குள் இறங்கும். அக்காவுக்குப் பதினோரு வயது, அவள் எதையும் பொத்திக்கொள்ள மாட்டாள். அப்பா அங்கே மேஸ்திரி. அந்தச் சத்தம் இத்தனை வருடம் எங்கே கிடந்தது, ஏன் இன்றைக்கு மத்தியானம் இரண்டு மணிக்குத் திருவான்மியூரில், மூன்றாம் மாடியில், ஃபேன் ஓடுகிற கூடத்தில் எழுந்து வந்தது? வேறொன்றுமில்லை, அக்காவின் நண்டுத் தொட்டியை நான் விரல் நகத்தால் சுரண்டினேன். தண்ணீர்க் கோட்டை ஒட்டிக் கண்ணாடியில் வெள்ளையாக ஒரு படலம். சுண்ணாம்புக் கறை என்று நினைத்தேன். அக்கா நான்கு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள், வரும்போது கண்ணாடியாவது பளிச்சென்று இருக்கட்டும் என்று சுரண்டினேன். சர்ர் என்றது. நகத்தில் ஒட்டியதை நாக்கில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியாது, சின்ன வயதில் பாத்தி ஓரத்தில் அப்படித்தான் வைப்போம். உப்பு. பிறகு விரலைத் தண்ணீரில் முக்கி நாக்கில் வைத்தேன். கடல் இப்படிக் கரிக்காது. ஊறுகாய் ஜாடியின் அடியில் தேங்கி நிற்கும் தண்ணீர் இப்படிக் கரிக்கும். ஊறுகாய் ஜாடி என்று ஏன் நினைத்தேன். வேறு எத்தனையோ இருக்கிறது நினைக்க. நாக்கு சுருண்டுகொண்டது, மோடாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அப்பாவின் குரல் அந்தச் சத்தத்தின் பின்னாலேயே வந்தது. "வெயிலு தண்ணிய மட்டுந்தான் குடிக்கும் பாப்பா. உப்பத் தொடாது."

முப்பத்தொன்பது நாள். அக்கா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த அன்று ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் கொள்ளவில்லை, படி வழியாக இறக்கினார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவளைச் சாய்த்துத் திருப்பும்போது, வலியில் உதடு வெளுத்திருந்தது, அப்போதும் சொன்னாள், "குமுதா, தொட்டியில சிவப்பு டேப் கோடு வரைக்கும் தண்ணி இருக்கணும். கொறைஞ்சா ஊத்து." தண்ணீர் என்றுதான் சொன்னாள். உப்புத் தண்ணீர் என்று சொல்லவில்லை. உப்பை நான் போட்டேன். நானாகப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவள் ஒரு வாளியில் கடல் உப்பைக் கலக்கி, உப்பின் அளவு காட்டும் கண்ணாடிக் குழல் ஒன்றை மிதக்கவிட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்ப்பாள், பழைய தண்ணீரில் கொஞ்சம் எடுத்துவிட்டு அதை ஊற்றுவாள். நான் காபி டம்ளரோடு பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன், எனக்கு அது பூஜை மாதிரி. மற்ற நாட்களில் ஆவியாய்ப் போனதை ஈடுகட்ட அவள் என்ன ஊற்றினாள்? நான் சமையலறையில் இருந்திருப்பேன். வெறும் தண்ணீர்தான் ஊற்றியிருப்பாள். போனது வெறும் தண்ணீர், போனதைத்தானே திரும்பக் கொடுக்க வேண்டும், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும், முப்பத்துநாலு வருஷம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவள் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் தெரியும். அதனால் தினமும் காலையில் ஒரு பெரிய சொம்புத் தண்ணீரில் இரண்டு கரண்டி உப்பு. கரண்டியைத் தட்டிச் சமமாக்கவில்லை, குவித்தே போட்டேன், வாயில்லாத ஜீவன், குறைவாய்ப் போய்விடக் கூடாதே என்று. சித்திரை வெயிலுக்கு அதுகளுக்கும் புழுங்குமே என்று தொட்டிக்கு நேரே டேபிள் ஃபேன் வேறு வைத்தேன். காற்று வேகமாய்க் குடித்தது, நான் வேகமாய் ஊற்றினேன். உப்பளத்தில் வளர்ந்தவள். அப்பாவின் வேலையையே அக்கா வீட்டுக் கூடத்தில் வைத்துச் செய்திருக்கிறேன்.

தொட்டி மூன்றடி நீளம். ஒரு பாதி மணல் சரிவாக ஏறி, ஒரு பட்ட மரவேரில் முடியும். மறு பாதி தண்ணீர், அதில் ஆறு கறுப்பு மாலி மீன்கள், மணலில் ஒரு நண்டு. இதை எழுபத்துமூன்றாம் வயதில் அக்கா ஆரம்பித்தாள். கொளத்தூர் மீன் கடைகளில் ஏதோ வேடிக்கை பார்க்கப் போன இடத்தில், ஒரு கண்ணாடிப் பெட்டியில் நிறைய நல்ல தண்ணீர், அடியில் ஒரு பக்கக் கொடுக்கு மட்டும் பெரிசாய் வளர்ந்த குட்டி நண்டுகள், ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தண்ணீருக்கு வெளியே வரப் பார்த்துக்கொண்டிருந்தன. "நல்ல தண்ணிதான் மேடம், ஒரு கஷ்டமும் இல்ல, மீனுக்குப் போடறதையே போட்டாப் போதும்" என்றார் கடைக்காரர். "இது சேத்து நண்டுய்யா. உப்பும் வேணும், ஏறி உட்காரத் தரையும் வேணும். நீ இதக் குளத்துல முக்கி வெச்சிருக்க." "வாங்குறவங்க யாரும் வந்து கேக்கலியே மேடம்." "அவங்க கேக்க வர்றதுக்குள்ள இது செத்துடுதே, எப்படிக் கேப்பாங்க?" கடைக்காரர் சிரித்துவிட்டார், நானும் சிரித்தேன், அக்கா சிரிக்கவில்லை. இருந்ததில் நோஞ்சானாய்ப் பார்த்து ஒன்றை வாங்கினாள். வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் அது மணலில் ஏறி நின்று பெரிய கொடுக்கை மேலே தூக்கி இறக்கியது, தூக்கி இறக்கியது, யாரையோ வா வா என்பது போல. "எங்க ஹெட்மாஸ்டரும் இப்படித்தான், ஒரு கை எப்பவும் ஓங்கியே இருக்கும், திங்கறதெல்லாம் சின்னக் கையால" என்றாள் அக்கா. அன்றிலிருந்து அது ஹெட்மாஸ்டர். சின்னக் கையால் மணலைக் கிள்ளிக் கிள்ளி வாயில் வைத்து, சாரத்தை உறிஞ்சிவிட்டு, சக்கையை மிளகு மிளகாய் உருட்டி வரிசையாய் வைத்துவிட்டுப் போகும். காலையில் அந்த உருண்டைகளைப் பார்த்தால் எனக்கு மனசு நிறையும். இப்போது மணல் வழுவழுவென்று இருக்கிறது. ஒன்பது நாளாக ஒரு உருண்டை கிடையாது. வளை இருந்த இடம்கூடத் தெரியவில்லை, மண் சரிந்து மூடிவிட்டது. மூடின மண்ணைப் பார்த்தால் வேறென்ன தோன்றும். தோண்டிப் பார்க்கலாம், ஒரு ஸ்பூன் போதும், தோண்டினால் தெரிந்துவிடும், தெரிந்துவிடும் என்பதால்தான் ஒன்பது நாளாகத் தோண்டவில்லை.

மீன்கள் முதலில் போயின. இருபதாம் நாள் ஒன்று, வயிறு மேலே. வயசாகியிருக்கும் என்று செம்பருத்தித் தொட்டியில் புதைத்தேன். நாலு நாள் கழித்து இன்னொன்று. பிறகு இரண்டு சேர்ந்து. தினமும் சாயங்காலம் அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்வாள், நடை பழக்குகிற பெண் அவளை வாட்டுகிறாள் என்று நாலு திட்டு திட்டிவிட்டு, "கோடு வரைக்கும் தண்ணி இருக்கா?" என்பாள். இருக்கு அக்கா. அது உண்மை. ஒரு நாள்கூடக் கோட்டுக்குக் கீழே விடவில்லை. "ஹெட்மாஸ்டர் கை ஆட்டறாரா?" ஆட்டறாருக்கா. "மீனு?" நல்லா இருக்கு. எல்லாம் நல்லா இருக்கு. என் வாயில் அந்த வாக்கியம் எவ்வளவு சுலபமாக வருகிறது, எங்கோ பழகின வாய் மாதிரி. பழகின வாய்தான். ஐந்தாவது மீன் முந்தாநாள் போயிற்று. ஆறாவது இதோ, என் கண் முன்னால் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. இரண்டு மணி பத்து நிமிஷம். எதையாவது செய்ய வேண்டும். தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றலாமா? திடீரென்று மாற்றினால் அந்த அதிர்ச்சியிலேயே போய்விடும் என்று அக்கா ஒருமுறை சொல்லியிருக்கிறாள். இல்லை, அது வேறு மீனுக்குச் சொன்னாளா? அவளையே கேட்கலாம். போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். கேட்டால், எத்தனை மீன் இருக்கு என்பாள். கடைசியில் மீனைக் கையால் அள்ளி, பீங்கான் கிண்ணத்தில் அதே தண்ணீரோடு விட்டேன், சமையலறையிலிருந்து டம்ளரில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஒரு ஸ்பூன் விட்டேன். பொறுத்தேன். இன்னொரு ஸ்பூன். மெதுவாக, பதறாமல், ஸ்பூன் ஸ்பூனாக. இப்படி ஸ்பூனும் கையுமாக நான் உட்கார்ந்தது இது முதல் தடவை இல்லை.

அவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, இதயம் பெரிசாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். பெரிய மனசு என்று சொல்வார்களே, அது நல்ல விஷயம் என்று அதுவரை நினைத்திருந்தேன். இதயம் பெரிசானால் வலு குறைந்துவிடுமாம், தண்ணீரை வெளியே தள்ள முடியாதாம். சாயங்காலம் அவர் காலை விரலால் அமுக்கினால் பள்ளம் விழுந்து அப்படியே நிற்கும், ஈரமான மணலில் மிதித்த மாதிரி. உப்பு கூடாது. ஒரு கல் கூடக் கூடாது. அக்கா சனிக்கிழமை தோறும் பஸ் பிடித்துத் தஞ்சாவூருக்கு வந்து, என்ன சமைக்கலாம் எதைத் தொடக் கூடாது என்று கட்டம் போட்டு எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். நான் உப்பில்லாமல் ரசம் வைத்தேன், உப்பில்லாமல் கீரை மசித்தேன். அவர் ஒரு வாய் வாங்கிவிட்டுத் தட்டைத் தள்ளுவார், கோபமில்லாமல், யார் வீட்டுத் தட்டையோ தள்ளுவது போல. ஒரு நாள், "குமுதம், வாயெல்லாம் மண்ணா இருக்கு. ஒரே ஒரு துண்டு குடேன்" என்றார். மேல் தட்டில் நார்த்தங்காய் ஜாடி. அது அங்கே இருப்பது இரண்டு பேருக்கும் தெரியும். இல்லை, இதை நினைக்க வேண்டாம், மீனைப் பார், ஒரு ஸ்பூன் விடு. செவுள் அசைகிறது. நகக்கண் அளவுதான் கொடுத்தேன். அதை அவர் மெல்லவில்லை, நாக்கின் நடுவில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார், மூன்று மாதத்தில் முதல்முறையாக அந்த முகம் எனக்குத் தெரிந்த முகமாக இருந்தது. அந்த முகத்தைப் பார்க்க மறுநாளும் கொடுத்தேன். பிறகு தினமும். நகக்கண் வளர்ந்து விரல் நுனியாயிற்று. காலில் பள்ளம் ஆழமாகிக்கொண்டே போயிற்று, நான் அமுக்கிப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன். சனிக்கிழமை அக்கா கேட்பாள், "உப்பு?" ஒரு கல்லுகூட இல்லக்கா. ஐந்து மாதம். எல்லாம் நல்லா இருக்கு.

போன் அடித்தது. மகள் பூங்கோதை. பெரியம்மாவை அழைத்துவர ஆபீஸுக்கு லீவு போட்டிருக்கிறாள். "அம்மா, கிளம்பிட்டோம். முன் சீட்லதான் உட்காருவேன்னு ஒரே அடம். காலை மடக்க முடியல, ஆனா டிரைவருக்கு வழி சொல்லணுமாம்." பின்னாலிருந்து அக்காவின் குரல், "அடமா? நீ அடையாறு வழியா போனா ராத்திரிதான் வீடு. குமுதா, காபி போட்டு வை, அங்க குடுத்ததெல்லாம் கழனித் தண்ணி." சரிக்கா. "ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்லிட்டியா நான் வரேன்னு?" என்ன சொன்னேன் அதற்கு. சொல்லிட்டேன் என்றேன். மண்ணுக்குள் போய் ஒன்பது நாளானவரிடம் சொல்லிவிட்டேன் என்று சொன்னேன். போனை வைத்துவிட்டு மறுபடி ஸ்பூனை எடுத்தேன். அவள் என்ன செய்துவிடுவாள்? திட்டுவாள். மீனுக்காக ஒரு நாள் திட்டுவாள், நண்டுக்காக ஒரு மாதம் பேசாமல் இருப்பாள். அதற்கா இப்படி வியர்க்கிறது. அவர் போன பதினாறாம் நாள் எல்லோரும் கிளம்பின பிறகு அக்கா மட்டும் இருந்தாள், காலியான கூடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஒரு குறையும் வைக்கல. வேற எவளா இருந்தாலும் எரக்கப்பட்டு எதையாவது குடுத்திருப்பா. நீ ஒரு கல்லு உப்பு போட்டிருக்க மாட்ட, எனக்குத் தெரியும். வா என்கூட" என்றாள். வந்தேன். அந்த வார்த்தையின் மேல் ஏறித்தான் இந்த மூன்றாம் மாடிக்கு வந்தேன், பதினாறு வருஷமாக அதன் மேல்தான் குடியிருக்கிறேன். அவள் மணலும் தண்ணீரும் ஒழுங்காய்ப் பிரித்து வைத்த வீட்டில் எனக்கு ஒரு அறை, என் புத்தகங்களுக்கு ஒரு அலமாரி, இரவில் நான் இருமினால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து "தண்ணி குடி" என்று ஒரு குரல். எண்பத்தைந்து கிலோ மனுஷனை எட்டு மாதம் பார்த்துக்கொண்டவள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லுவாள். ஆறு மீனையும் ஒரு நண்டையும் முப்பத்தொன்பது நாள் பார்த்துக்கொள்ளத் தெரியாதவளை இன்றைக்குக் கண்டுபிடிப்பாள். கண்டுபிடித்து, கொஞ்சம் யோசித்தால், அவள் யோசிக்கிறவள், ஒரு நூலைப் பிடித்தால் விடாமல் போகிறவள், அந்தப் பக்கம் எங்கே போய் நிற்பாள்?

கிண்ணத்தைப் பார்த்தேன். மீன் நின்றுவிட்டிருந்தது. எப்போது நின்றது என்று பார்க்கவில்லை. கையில் ஸ்பூன் சாய்ந்து தண்ணீர் புடவையில் சொட்டியிருந்தது. அன்றைக்கும் எப்போது நின்றது என்று நான் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணை மூடி ருசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, எவ்வளவு நேரம் என்று தெரியாது, குக்கர் விசில் அடிக்கிற வரைக்கும். மூன்று ஐம்பது. மீனைப் புதைக்க எழுந்தேன், உட்கார்ந்தேன். புதைத்தால் கிண்ணம் காலியாக இருக்கும். அவள் வருவதற்குள் ஓடிப்போய் ஆறு கறுப்பு மீன் வாங்கி வந்துவிட முடியுமா என்றுகூட நினைத்தேன். எழுபத்திரண்டு வயதில், சைக்கிளை உடைத்துவிட்டு அப்பா வருவதற்குள் எதையாவது செய்யப் பார்க்கிற பிள்ளை மாதிரி. கண்ணாடியில் பாதி சுரண்டின இடம் தெளிவாகவும் பாதி வெள்ளையாகவும் இருந்தது. மீதியையும் சுரண்டிவிடலாம். ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் போய்விடும், முப்பத்தொன்பது நாளும் போய்விடும், வெக்கை தாங்காமல் செத்துப்போச்சு அக்கா என்று சொல்லலாம், நம்புவாள், என்னை நம்புவதுதான் அவள் வழக்கம். துணியைக் கையில் எடுத்தேன். நனைத்தேன். பிழிந்தேன். லிஃப்ட் வந்து நின்ற சத்தம் கேட்டது. துணி கையிலேயே இருந்தது.

முதலில் வாக்கரின் நாலு கால் உள்ளே வந்தது, பிறகு அக்கா, பின்னால் பையும் தலையணையுமாகப் பூங்கோதை. இளைத்திருந்தாள். "என்னடி மூஞ்சி இப்படி இருக்கு? விழுந்தது நானா நீயா?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் டக் டக்கென்று தொட்டிக்குப் போனாள். நின்றாள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். வெள்ளைப் படலத்தை விரலால் தொட்டு, நான் வைத்த மாதிரியே, நாக்கில் வைத்தாள். "தினமும் உப்பா?" தினமும். "எத்தனை?" சொம்புக்கு ரெண்டு கரண்டி. குவிச்சு. அவள் தோள் குலுங்கியது, அழுகிறாள் என்று நினைத்தேன், சிரிக்கிறாள். "பூங்கோதை, இங்க பாரு. மேஸ்திரி பொண்ணு வீட்டுலேயே உப்பு வெளைய வெச்சிருக்கா." பூங்கோதை சமையலறையில் பையைப் பிரித்தபடியே, "பெரியம்மா, முதல்ல உட்காருங்க" என்றாள். "மீனு?" என்றாள் அக்கா. ஆறும் போச்சுக்கா. போன்ல பொய் சொன்னேன். "ம்." ஹெட்மாஸ்டரும் போயிட்டாருக்கா, மண்ணு சரிஞ்சு மூடிடுச்சு, நான் தோண்டிப் பாக்கல. அவள் வாக்கரில் ஒரு கையை ஊன்றி, மற்றக் கையில் டார்ச்சோடு மணல் பக்கம் குனிந்தாள். நெடுநேரம் குனிந்தே இருந்தாள். "மண்ணு சரியல. உள்ளேர்ந்து மண்ண உருட்டிக் கொண்டாந்து அடைச்சிருக்கான். செத்தவன் எந்திரிச்சு வந்து கதவச் சாத்துவானாடி? சட்ட உரிக்கப் போயிருக்கான். இருக்கான். பத்து நாள் யாரும் தட்டாதீங்க." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, கோபம் இருந்திருந்தால் நான் அழுது முடித்திருப்பேன், காபி போடப் போயிருப்பேன். என் கையிலிருந்த ஈரத்துணியை வாங்கித் தொட்டியின் மேல் போட்டாள். "சரி விடு, குமுதா. தெரியாமத்தானே செஞ்ச."

தெரியாமல். இதைத் தெரியாமல் செய்தேன். சர்ர் என்று எங்கேயோ பலகை இழுபட்டது, இந்தத் தடவை காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றவில்லை. மோடாவை அவள் பக்கம் தள்ளினேன். உட்காரு அக்கா, என்றேன், மீன் இல்ல, வேற ஒண்ணு. சமையலறையில் பை சரசரப்பது நின்றது. பூங்கோதைக்கும் கேட்கட்டும், அவள் அப்பாவைப் பற்றியது. அக்கா உட்கார்ந்ததும் சொன்னேன். உப்பில்லாமல் சமைத்தது உண்மை, ஆனால் கடைசி ஐந்து மாதமும் தினம் ஒரு துண்டு நான்தான் கொடுத்தேன். அவர் ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, நான் வைத்த நார்த்தங்காய்த் துண்டு நாக்கில் கரையும் முன்பே இறந்துபோனார்.